ஊதா மழை

என் அக்கா கணவரைப் போல நல்ல மனிதர் கிடைப்பது அரிது ஐயா. டீ வாங்கப் போனால் பக்கத்துக் கடைக்காரருக்கும் சேர்த்து வாங்கி வருவார். அந்தக் குணம்தான் தொல்லையாகிவிட்டது.

நாங்கள் இருவரும் நான்காம் மாடி அறையில் ஆறு வருடம் உட்கார்ந்து, இணையத்தில் ஓர் ஊரையே நடத்தும் சர்வர் மென்பொருளை எழுதினோம். ஆட்கள் உள்ளே வந்து வீடு கட்டுவார்கள், சண்டை போடுவார்கள், கல்யாணம்கூடப் பண்ணிக்கொள்வார்கள். அங்கே பெய்யும் மழை நான் எழுதியது. வீடும் தெருவும் மாமா எழுதியவை. திறந்த உரிமத்தில் வெளியிடலாம் என்றார் மாமா. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், சொந்தமாக ஓர் ஊர் நடத்தலாம். நானும் தலையாட்டினேன். நிஜமாகவே எடுப்பார்கள் என்று யார் கண்டது?

ஒரு பல் டாக்டர் எடுத்தார். என் மழைக்கு ஊதா நிறம் பூசினார். எங்கள் ஊர்க்காரர்களில் பாதிப் பேர் மூட்டை கட்டிக்கொண்டு அங்கே போய்விட்டார்கள்.

"மாமா, உரிமத்த மாத்திடலாம். இனிமே நம்மளக் கேக்காம யாரும் தொடக்கூடாது" என்றேன்.

"எடுத்துக்கங்கன்னு சொல்லித்தானே வெச்சோம் மாப்ள? ஊதா மழை நல்லாத்தான் இருக்கு."

அந்த இரண்டாவது வாக்கியத்தை அவர் தவிர்த்திருக்கலாம்.

இருவர் எழுதியதன் உரிமத்தை மாற்ற இருவர் கையெழுத்தும் வேண்டும். ஒருவர் இல்லையென்றால் அவருடைய வாரிசு போடலாம். வாரிசு என் அக்கா. நான் நீட்டும் காகிதத்தை அவள் படித்துப் பார்த்ததே இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏசியின் வெளிப்பெட்டி உறுமியது. மாமா பால்கனியில் ஏணி போட்டு, கைப்பிடிச் சுவருக்கு மேலே எக்கிப் பார்த்தார். "கெட்டியாப் பிடிச்சுக்க மாப்ள" என்றார். பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஏணியை லேசாகச் சாய்த்ததாக வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறீர்கள். லேசாக இல்லை. மாமா கனமானவர்.

மூன்று வாரம் கழித்து அக்கா கையெழுத்துப் போட்டாள். "நீ பாத்தா சரியாத்தான்டா இருக்கும். உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா?" என்றாள். கண்ணீர் பட்டு மை கலைந்துவிட்டதால் இன்னொரு காகிதத்திலும் வாங்கிக்கொண்டேன்.

வக்கீல் அதைப் பார்த்துச் சிரித்தார். "தம்பி, இனிமே எழுதப்போறதத்தான் இது பூட்டும். ஏற்கெனவே குடுத்தத திருப்பி வாங்க முடியாது. உரிமத்துலயே இருக்கே, படிக்கலையா?"

படிக்கவில்லை. அதையெல்லாம் மாமாதான் படித்துச் சொல்வார்.

பிரதி வைத்திருந்தவர்கள் இருபத்தேழு பேர். சட்டம் கைவிட்டாலும் மனிதர்கள் சொன்னால் கேட்பார்கள் என்று முகவரிகளைச் சேகரித்தேன். நேரில் போய், அழித்துவிடுங்கள் என்று போன வீட்டிலெல்லாம் தன்மையாகத்தான் கேட்டேன். பல் டாக்டரிடம் இரண்டு முறை கேட்டேன். நான்காவது வீட்டு வாசலில், வேலை முடிந்து வெளியே வரும்போது நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள். அந்த நால்வரும் என் கையால்தான் போனார்கள். மறுக்கவில்லை.

மீதி இருபத்து மூன்று பேரிடம் மட்டும், அழித்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள் ஐயா. எனக்கு யார் மேலும் கோபமில்லை.