வெறுந்தாரில் ஒரு தடம்

— பதினாலு மில்லி, ஆதிலட்சுமிக்கா. கம்பிய குறுக்க வச்சி நீங்களே பாருங்க. டயரு போற வழி குழிஞ்சி போச்சி.

— நாந்தான தெனம் அளந்து எழுதறேன். டெஸ்ட்டுக்கு அந்தாண்ட போட்ட பொடி கலந்த தாரு எவ்ளோ எறங்கியிருக்குது, டேனியலு?

— மூணுதான். அந்தப் பொடி வெயில உள்ள வாங்கி வச்சிக்குது, தாரு இளகல. இந்த வெறுந்தாரு பன்னெண்ட தாண்டுனா சொரண்டச் சொல்லி ஆர்டரு. திங்கக்கெழம மெஷினு வருது.

— திங்கக்கெழமையா?

— ஆமா. ஒண்ணுதான் புரியல. ஓரத்துல ஒரு மில்லிகூட எறங்கல. செலியமேட்டு கரும்பு டிராக்டரு அத்தினியும் ஒரே தடத்துல போயிருக்குது. ஓரத்துல இந்தக் கல்ல யாரு வச்சது?

— வெயிலு ஏறுது. மோரு குடிக்கிறியாப்பா?

— அக்கா, கல்லு.

— நாந்தான். ஏழு மாசமா வைக்கிறேன். நவுத்திட்டு குனிஞ்சி பாரு.

— காலடி. அஞ்சி வெரலும் தெரியுதே.

— எங்க வூட்டுக்காரரோடது. ரெண்டு பேரும் இந்த ரோட்லதான் தாரு போட்டோம். அன்னிக்கி அவரு செருப்பு தாருல ஒட்டிக்கினு வாரு அந்துபோச்சி, வெறுங்கால வச்சிட்டாரு. எல்லாரும் பதறுறோம், அவரு 'சுடவே இல்லடி'ன்னு சிரிக்கிறாரு. ரோலரு ஓட்டுன ஜெயசீலன், ராசா கையெழுத்து போட்டுட்டாருன்னு கேலி பண்ணிட்டு இந்த ஓரத்துல மட்டும் ரோலர ஏத்தாம வுட்டுட்டான்.

— வண்டிய அதும்போக்குல வுடணும்னு சொல்லி வச்சாங்கல்ல? நீங்க ஒதுக்கி வுடப் போயிதான் அங்க பதினாலு. காப்பாத்த வச்ச கல்லே இந்தக் காலடியையும் சொரண்ட வைக்கிது.

— கொறச்சி எழுதியிருக்கலாம். நாப்பது வயசுக்கு மேல நம்பரு எழுதக் கத்துக்கினேன், பொய்யா எழுத கை வரல.

— செரி. கல்லு கெடந்திச்சி, இந்த அளவு செல்லாதுன்னு எழுதிடறேன். மெஷினு வராது. ஆனா கல்ல இப்பவே எடுத்துடணும். வண்டி இது மேலயும் போனாத்தான் டெஸ்ட்டு.

— ஏறுனா அழிஞ்சிடுமே.

— அழியும்தான்.

— நாளைக்கி ஒரு நாளு வுடு. அப்புறம் நானே எடுத்துடறேன்.

— எறந்தவர நெனச்சி இன்னும் எத்தினி நாளுதான்க்கா இதயே பாத்துக்கினு...

— யாரு எறந்தது? வூட்லதான் இருக்காரு. சக்கர வியாதிப்பா, அதான் சூடு தெரியல. அன்னிக்கி வெந்த புண்ணு ஆறாம முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. நாளைக்கி ஆட்டோவுல கூட்டியாந்து காட்டிடறேன். தெனம் நான் வூட்டுக்குள்ள நொழஞ்சதும் மொதல்ல கேக்குறதே, 'என் காலு அங்க இருக்குதாடி'ன்னுதான்.