ஒன்பது தடவை சின்னதாக்கிய முகம்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் புறப்படாமல் நின்றிருந்த பஸ்ஸில், முன் சீட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"என் மூக்கு இப்போ நாலே கட்டம்தான்டீ."

சொன்னவளுக்கு முப்பது வயதிருக்கும். மடியில் ஆபீஸ் பை. பக்கத்திலிருந்த தோழி அவள் மூக்கைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஜாதகத்தோட அனுப்பற போட்டோவைச் சொல்றேன். முதல் வரனுக்கு அனுப்பறச்சே, படம் பெரிசா இருக்கு, மெயில் போகலைன்னு இன்டர்நெட் கஃபேக்காரன் சின்னதாக்கினான். அன்னிலேர்ந்து வரனுக்கு வரன் அப்பா ஃப்ளாப்பியை நீட்டி, கொஞ்சம் சின்னதாக்கிட்டு அனுப்புங்கறார். அவனும் சின்னதாக்கினதையே மறுபடி சின்னதாக்கி, அது மேலேயே சேவ் பண்றான்."

"எத்தனை தடவை?"

"ஒம்பது. முகம் பூரா சதுரம் சதுரமா இருக்கு. கண்ணு எது, பொட்டு எதுன்னு எனக்கே தெரியல."

"அப்பாகிட்ட சொல்லப்படாதோ?"

"சொன்னேன் பின்னே. இப்போ மெயில் சட்டுனு போறது, கேட்டோங்கறார்."

தோழி சிரித்தாள். இவள் சிரிக்கவில்லை.

"முகம் கொஞ்சமாவது தெரிஞ்சப்போ எட்டு பேர்ல ஒருத்தரும் பதில் போடல. ஒம்பதாவது பிள்ளையாத்துக்காரா நேத்து போன் பண்ணி, பொண்ணை ரொம்பப் பிடிச்சிருக்குன்னா."

"நல்லதுதானேடீ?"

"என்னத்தைப் பாத்துப் பிடிச்சுதாம்? மெயில்ல படத்துக்குக் கீழ, பொண்ணுக்கு கவர்ன்மென்ட் வேலைன்னு அப்பா டைப் அடிக்கச் சொல்லியிருந்தார். அந்த ஒரு வரிதான் அதுல தெளிவா இருந்தது."