சாப்பு இல்லாத கட்டுரை

அவைக்கு அழகும் அமைதியும் சேர்த்து அமர்ந்திருக்கும் தலைவர் திரு. புவனேஸ்வரன் அவர்களே! முன்வரிசையை முகமலர்ச்சியோடு நிறைத்திருக்கும் பாடாங் செராய்ப் பெரியோர்களே! தொழிற்சாலையில் ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே! விதிமுறையை விழிபோல் காக்கும் வித்தகச் செயற்குழுவினரே! பீடோங்கிலிருந்து வந்திருக்கும் இந்த ரமணியின் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

சற்று முன் எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் இணையத்தில் எழுத்து வகுப்பு நடத்துகிறேனாம். அதற்காக 'எழுத்தன்னை' என்று பட்டம் வேறு! கை தட்டினீர்கள். பொறுங்கள். இந்த அன்னை தன் பிள்ளைக்கு என்ன செய்தாள் என்று கேட்டுவிட்டுத் தட்டுங்கள்.

காஞ்சனா என்றொரு மாணவி. பதினைந்து வயது. மற்ற பிள்ளைகளின் கேலி தாங்காமல் இடைநிலைப் பள்ளியின் இரண்டாம் படிவ வகுப்போடு படிப்பை விட்டவள். கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் தாய் குணசுந்தரிதான் வீட்டில் பாடம் சொல்லித் தருகிறார். மாவு டின்னில் கைத்தொலைபேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு என் வகுப்புக்கு வருவாள். ஓர் ஆண்டு கேமராவைத் திறக்கவே இல்லை. திறந்த அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நம் தமிழ்ச் சங்கத்தின் கட்டுரைப் போட்டிக்கு எழுது என்று அவளைத் தூண்டியது யார்? நான். படிவத்தில் தலைமையாசிரியர் முத்திரைக்கென்று, அதுதான் சாப்புக்கென்று, ஒரு கட்டம் இருக்கிறதே, அதற்கு என்ன செய்வது என்று அவள் கேட்டபோது, "சும்மா விட்டுரும்மா, நான் பேசிக்கிறேன்" என்றது யார்? அதுவும் நான்தான்!

மூன்று நடுவர்களும் அவளுக்கே முதல் பரிசு என்று எழுதினார்கள். பிறகுதான் சாப்பைத் தேடினார்கள். சாப்பு இல்லை. கட்டுரை தள்ளுபடி! செயலாளர் காளிதாசனை அழைத்துக் கெஞ்சினேன். தம்பி என்ன சொன்னார் தெரியுமா?

"டீச்சர், இது நீங்க போட்ட ரூல்தானேலா! நான் எப்படி மாத்துறது?"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இந்தச் சங்கத்தின் செயலாளர் நான்தான். பெரியவர்கள் எழுதிப் பிள்ளைகள் பெயரில் அனுப்பினார்கள். அதைத் தடுக்க, சாப்பு இல்லாத படிவம் செல்லாது என்று எழுதியது இந்தக் கை! எழுதியதை நானே மறந்தேன். பள்ளிக்கூடமே இல்லாத பிள்ளை ஒருத்தி வருவாள் என்று அன்றைக்கு நினைத்தேனா? நினைக்கவில்லை. இன்றைக்காவது நீங்கள் நினைத்தீர்களா? கையெழுத்தைப் பார்த்தீர்கள், கருத்தைப் பார்த்தீர்கள், கண்கலங்கியதாகவும் சொன்னீர்கள். பரிசைக் கொடுக்க மட்டும் ரப்பர் கட்டையைத் தேடினீர்கள்!

செய்தியைச் சொன்னதும் காஞ்சனா, "சாப்புக்கு நான் எங்க போவேன் டீச்சர்? எங்கம்மாகிட்ட தோசைக் கரண்டிதான் இருக்கு" என்றாள். சொல்லிவிட்டுக் கேமராவை மூடினாள். மூன்று சனிக்கிழமைகளாக வகுப்புக்கு வரவில்லை. என் அழைப்பையும் எடுப்பதில்லை.

இதோ, துண்டுச்சீட்டு வந்துவிட்டது. 'இரண்டு நிமிடம்.' தலைவர் அவர்களே, எனக்கு ஒரு நிமிடம் போதும்.

இந்தப் பொன்னாடையை மடித்து உங்கள் மேசையிலேயே வைக்கிறேன். அடக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். வெட்கம்! இதைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தத் தாயின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. மூன்றாம் வரிசையில்தான் இருக்கிறார் குணசுந்தரி. மகளைக் கூப்பிட்டாராம், மகள் வரமாட்டேன் என்றுவிட்டாள். இனி எழுதவும் மாட்டாளாம்.

அவள் கட்டுரையின் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு இறங்குகிறேன். யாரும் கை தட்ட வேண்டாம்.

"பள்ளிக்கூடம் என்னை வேண்டாம் என்றது. தமிழ் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை."

அன்புடையீர், நாம் சொல்லிவிட்டோம். பொறுமையாகக் கேட்டதற்கு நன்றி. வணக்கம்.