கரை சுத்தமான பிறகு

இந்த நாற்காலியின் ஒரு கால் குட்டை, ஐயா. இத்தனை பேர் உட்கார்ந்து எழுந்தும் யாரும் கவனிக்கவில்லை போலிருக்கிறது. ஒரு பழைய காகிதம் கொடுத்தால் மடித்து அடியில் வைத்துவிடுவேன். கைக்கு ஏதாவது வேலை இருந்தால் எனக்குப் பேச்சும் ஒழுங்காக வரும்.

சலவைக் கடையில் முன்மேசை என்னுடையது. வருகிற துணியை விரித்துக் கறையைத் தேடி, அந்த இடத்தில் அடையாளம் குத்தி உள்ளே அனுப்ப வேண்டும். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு மகனும் மருமகளும் மாடிக்குக் குடிவந்தார்கள். நல்ல பிள்ளைகள். ஆனால் கழுவிய பாத்திரத்தையே நான் மறுபடி கழுவினால் மகனுக்குப் பொறுக்காது. "அம்மா, கொஞ்சம் சும்மாதான் உட்காரேன்" என்பான். எனக்கு அந்த வித்தை மட்டும் வரவில்லை. உடம்பெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். எழுந்து திரைச்சீலையைச் சரிசெய்வேன், பிறகு அதையே கழற்றித் துவைப்பேன்.

ஏரிக்கரை வேலையும் அப்படி ஆரம்பித்ததுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடக்கப் போனவள், குனிந்து ஒரு பாட்டிலை எடுத்தேன். அப்புறம் நிமிரவே இல்லை. கொஞ்ச நாளில் ஒரு நர்ஸ் சேர்ந்துகொண்டாள். பிறகு ஒரு பஸ் டிரைவர் வந்தார். மலை மாதிரி ஆள், சேற்றில் புதைந்த டயரைத் தனியாகவே இழுத்துப் போடுவார். ஒரு கல்லூரி வாத்தியாரும் அவர் மனைவியும் வந்தார்கள். எல்லோருக்கும் நான் அக்கா. வேலை முடிந்ததும் படித்துறையில் நெருக்கியடித்து உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் குடிப்போம். டிரைவர் தன் பஸ்ஸில் ஏறுகிறவர்களைப் போல நடித்துக் காட்டுவார். வாத்தியார் மனைவிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறும். நர்ஸ் என் தோளில் சாய்ந்துகொள்வாள். அந்த நேரம் மட்டும் எறும்புகள் அடங்கும்.

சிக்கல் என்னவென்றால், கரை சுத்தமாகிவிட்டது.

"அக்கா, பொறுக்க ஒண்ணுமே இல்லையே. இனிமே எப்பவாவது ஒரு தடவை வந்தா போதாதா?" என்று நர்ஸ்தான் கேட்டாள். எல்லோரும் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அடுத்த ஞாயிறு நான் மட்டும் போனேன். கரையை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தேன். ஒரு மிட்டாய்த் தாள்கூட இல்லை.

எங்கள் கடையின் பின்புறம் குப்பை நிறையச் சேரும். பிளாஸ்டிக் உறை, உடைந்த ஹேங்கர், சோப்புக் கேன். விடிவதற்கு முன் ஒரு பை கொண்டுபோய்க் கரையில் கொட்டினேன். ஏற்கெனவே குப்பையாக இருந்ததுதான். இடத்தை மாற்றினேன், அவ்வளவே. அதைப் போட்டோ எடுத்து அவர்களுக்கு அனுப்பினேன். எல்லோரும் வந்தார்கள், கோபத்தோடு வந்தார்கள். அக்கறை கூட்டிவந்ததைவிடக் கோபம் வேகமாகக் கூட்டிவந்தது. அதன் பிறகு அடிக்கடி கொட்ட வேண்டியிருந்தது.

கரையில் ஒருவர் மிதிபடகு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். எப்போதோ தோள் முறிந்து சரியாகக் கூடவில்லை. வலது கையைத் தூக்க வராது. ஒருநாள் நான் பையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து இடது கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் பையிலேயே போட்டார்.

"பை கிழிஞ்சு போச்சா அக்கா?" என்றார்.

கிழியவில்லை என்று அவருக்கும் தெரியும்.

"சும்மாவே கூப்பிட்டுப் பாருங்க, வருவாங்க. இதுக்குக் குப்பை எதுக்கு?" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

திட்டியிருந்தால் பொறுத்திருப்பேன். அவர் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்.

அந்த ஞாயிறு, குப்பை கொட்டுவது படகுக்காரர்தான், கண்ணால் பார்த்தேன் என்று எங்கள் ஆட்களிடம் சொன்னேன். நர்ஸ் நம்பவில்லை, நல்ல மனிதராயிற்றே என்றாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன் என்றேன். அதற்குமேல் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாத்தியார் புகார் எழுதினார். படகு விடும் அனுமதி ரத்தானது. படகுகளைச் சங்கிலி போட்டுக் கட்டினார்கள். எங்களுக்குள் அப்படியொரு ஒற்றுமை அதற்கு முன் இருந்ததில்லை.

போன ஞாயிறு படகுக்காரர் படித்துறைக்கு வந்தார். வேறு யாரையும் பார்க்கவில்லை. நேராக என் முன்னால் வந்து நின்றார்.

"நீங்களே சொல்லிடுங்க அக்கா. நான் சொன்னா உங்களுக்குத்தான் அசிங்கம்."

என்னை மிரட்டுகிறார் என்று நினைத்து டிரைவர் அவர் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். பாசிப் படி. படகுக்காரர் வழுக்கித் தண்ணீருக்குள் போய்விட்டார். எல்லோரும் படியோரம் ஓடிவந்தார்கள். அங்கே கால் எட்டும், அவரே ஏறி வந்துவிடுவார், உங்களைப் பார்த்தால் சண்டைதான் பெரிதாகும், நீங்கள் போய்ப் பைகளை வண்டியில் ஏற்றுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். போனார்கள். அக்கா சொன்னால் தட்ட மாட்டார்கள்.

அங்கே கால் எட்டாது, ஐயா. அவர் ஒற்றைக் கையால் அடித்துக்கொண்டிருந்தார். மிதக்கும் குப்பையை இழுக்க நாங்கள் வைத்திருக்கும் நீளக் கம்பு என்னிடம் இருந்தது. நீட்டினேன். நுனியைப் பிடித்துக்கொண்டார். அவர் முகம் தெளிந்தது. இழுக்கப் போகிறேன் என்று நினைத்திருப்பார். நான் கம்பை உதறி விடுவித்து அவர் தோளில் வைத்தேன், நல்ல தோளில். வைத்து அழுத்தினேன். தண்ணீர் அசையாமல் நிற்கும்வரை எடுக்கவில்லை. அந்தச் சமயத்தில் என் உடம்பில் ஓர் எறும்புகூட ஊரவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தான் தள்ளியதால்தான் செத்தார் என்று டிரைவர் உங்களிடம் அழுதாராம். அவர் தள்ளினார், நான் கொன்றேன். அதற்குக் கையெழுத்துப் போடத்தான் வந்தேன். அவரைச் சனிக்கிழமைக்குள் விட்டுவிடுங்கள். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் கரையை நாசம் பண்ணிவிட்டுப் போயிருக்கிறது. வரும் வழியில் பார்த்தேன், கப்பும் கவருமாக, கால் வைக்க இடமில்லை. இந்த ஞாயிறு எங்கள் ஆட்கள் ஒருவர் பாக்கியில்லாமல் வருவார்கள். வந்ததும் அக்கா எங்கே என்று தேடுவார்கள், ஐயா.