ஐஸ் எப்போ, வெந்நீர் எப்போ

அட, சிரிங்க மாப்ள, நல்லாவே சிரிங்க. கடைல யாரும் இல்ல. வேலைக்காரங்க ரெண்டு பேரையும் சாப்பிட அனுப்பிட்டேன். ஷட்டர பாதி இறக்கியாச்சு. உங்க கார் ஜாக்கி மேல நிக்குது, எங்க எழுந்து ஓடப் போறீங்க? இந்த டயர் மேலயே உக்காருங்க. புதுசுதான், பேன்ட்ல கரி ஒட்டாது.

ஆமா, உங்க காதுல சரியாத்தான் விழுந்துது. எனக்குப் பண்ணது ஹெர்னியா ஆபரேஷன் இல்ல. ஊருக்கெல்லாம் அப்படிச் சொல்லி வெச்சேன். உங்க வீட்டுக்காரி, என் கூடப் பொறந்தவ, அவகிட்டயும் அதையேதான் சொன்னேன். பாவம், ஆப்பிளும் கையுமா வந்து, வெயிட்டு தூக்காதீங்கண்ணா, குனியாதீங்கண்ணான்னு அத்தன புத்தி சொன்னா. நான் போர்வைக்குள்ள ஐஸ வெச்சுக்கிட்டு, பல்லு தந்தியடிக்க, சரிம்மா சரிம்மான்னு தலையாட்டிட்டு இருந்தேன். என்னண்ணா குளிர் ஜொரமான்னு நெத்திய வேற தொட்டுப் பாத்தா.

வெச்சது வேற ஐட்டம் மாப்ள. எப்படிச் சொல்றது... உள்ள ரெண்டு ட்யூபு. ஆமா, அதுக்குள்ளதான். கீழ விதைப்பைல ஒரு குட்டி பம்ப்பு. அடிவயித்துல சின்னதா ஒரு தண்ணிப் பை. பம்ப்ப அமுக்கினா எந்திரிக்கும், பட்டன அமுக்கினா படுத்துக்கும். டாக்டர் பொம்மைய வெச்சு வெளக்கும்போது என் மூஞ்சிய நீங்க பாத்திருக்கணுமே. ஊரான் வண்டிக்கெல்லாம் காத்தடிச்சே குடும்பம் நடத்தினவன் நான். வாய் சும்மா இருந்துதா? எத்தன பாயின்ட் காத்து வைக்கணும் டாக்டர்னு கேட்டுட்டேன். அந்த மனுஷன் சிரிக்கவே இல்ல. காத்து இல்லீங்க, உப்புத் தண்ணின்னாரு. பக்கத்துல உங்க அக்கா, அதான் என் பொண்டாட்டி, கைக்குட்டைய வாய்ல அடைச்சுக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா.

எதுக்கு இந்த வயசுலயா? வரேன், அதுக்கும் வரேன். மொதல்ல கூத்தக் கேளுங்க.

ஆஸ்பத்திரில இருந்து அனுப்பும்போது நர்ஸம்மா தெளிவாத்தான் சொன்னாங்க. ஐஸ துணில சுத்தி வைங்க, கொஞ்ச நேரம் வெச்சுட்டு எடுத்துடுங்க, விட்டு விட்டு வைங்க, நேரா தோல்ல படக் கூடாது, வெச்சுக்கிட்டே தூங்கக் கூடாதுன்னு. இவ பயபக்தியோட கேட்டுக்கிட்டா. நான்தான் பெரிய மெக்கானிக்காச்சே. துணி சுத்தினா குளிர்ச்சி எப்படி உள்ள போகும், புக்குல போட்டத ஒப்பிக்கற கம்பெனிக்காரன் மாதிரி பேசுதே இந்தம்மான்னு மனசுக்குள்ள நெனச்சுக்கிட்டேன். மறுநாள் இவ குளிக்கப் போன நேரம் பாத்து, துணிய உருவிட்டு நேரா வெச்சேன். ஆஹா, என்னா சொகம்! வலி போன எடம் தெரியல. அப்படியே கண்ணு சொக்கிடுச்சு.

முழிச்சுப் பாத்தா, வலி மட்டுமில்ல மாப்ள, எதுவுமே இல்ல. தொட்டா தொட்ட மாதிரியே தெரியல. மரக்கட்ட. போச்சுடா, செத்துப் போச்சு, இவ்வளவு பண்ணி கடைசில நானே என் கையால கொன்னுட்டேன்னு ஒரு கத்து கத்தினேன் பாருங்க. இவ தலைல சோப்பு நுரையோட ஓடி வந்தா. பாத்தா. ஐஸ எடுத்தா, போர்வையப் போத்துனா, கட்டில் ஓரமா உக்காந்துக்கிட்டா. கொஞ்ச நேரத்துல சுள்ளுனு குத்த ஆரம்பிச்சுது. ஐயோ வலிக்குதுன்னேன். வலிக்குதுல்ல, அப்போ உசிரோட இருக்குன்னு சொல்லிட்டு தலைய அலசப் போயிட்டா.

அப்புறம் ஐஸ் கட்டி சரிவராது, குத்துதுன்னு பட்டாணி பாக்கெட்டுக்கு மாறுனோம். ஃப்ரீஸர்ல வைப்பாங்களே, அந்தப் பச்சைப் பட்டாணி. அது நல்லா வளைஞ்சு கொடுத்து உக்காரும். இவ அதத் துணில சுத்தி வைப்பா, எடுப்பா, திரும்ப ஃப்ரீஸர்ல போடுவா. நல்லாத்தான் போயிட்டு இருந்துது. ஒரு நாள் மத்தியானம் மக வந்தா, மருமகப்புள்ளயோட. அப்பாவுக்கு நானே சமைக்கறேன்னு கெளம்பினா. சாப்பிட உக்காந்தா, தட்டுல சாதத்துக்கு நடுவுல பச்சைப் பச்சையா முழிச்சுப் பாக்குது. நான் இவளப் பாக்கறேன், இவ என்னப் பாக்கறா. மருமகப்புள்ள ரெண்டாவது தடவ கேட்டு வாங்கிப் போட்டுக்கறாரு. அத்த, பட்டாணி நல்லா மெத்துனு வெந்திருக்குங்கறாரு! நான் என்னத்தச் சொல்ல? மெதுவா ஓரமா ஒதுக்கி வெச்சேன். ஏம்ப்பா சாப்பிட மாட்டேங்கறன்னு மக அதட்டறா. சாப்பிட்டேன் மாப்ள. மென்னு, முழுங்கி, நல்லாருக்கும்மான்னு சர்டிபிகேட்டும் கொடுத்தேன்.

இருங்க, இருங்க, மூச்சு விட்டுக்கோங்க. பெரிய கூத்தே இனிமேதான்.

நம்ம தொழில்ல என்ன பண்ணுவோம்? பஞ்சர் ஓட்டைல பேட்ச் வெச்சா சூடு காட்டுவோம். சூடு ஏறினாத்தான் ரப்பரு ரப்பரோட ஒட்டும். இந்த அறிவாளி என்ன யோசிச்சான்? உள்ள வெச்சிருக்கறதும் ரப்பர் மாதிரி ஐட்டம்தான், தையலும் போட்டிருக்கு, இவங்க ஐஸா வெச்சுட்டு இருந்தா என்னிக்கு ஒட்டி என்னிக்கு நான் கடையத் தொறக்கறது? சூடெல்லாம் இப்போ கூடாது, வீக்கம் வத்தினப்புறம் டாக்டர் சொல்லுவாருன்னு நர்ஸம்மா சொன்னது ஞாபகம் இருந்துது. ஞாபகம் இருந்து என்ன பண்றது? இவ கடைத்தெருவுக்குப் போன நேரம், ரப்பர் பைல கொதிக்கக் கொதிக்க வெந்நி ஊத்தி, மேல வெச்சுக்கிட்டு, கால நீட்டி டிவி பாத்தேன்.

வீங்கிச்சு பாருங்க! நம்ம கடைல அளவு பாக்காம காத்தடிச்சா பொதபொதன்னு ஒரு பக்கமா தள்ளிக்கிட்டு நிக்குமே ட்யூபு, அப்படி. கலரு? முத்துன கத்திரிக்கா. கால சேக்க முடியல, எந்திரிக்க முடியல. ஆஸ்பத்திரிக்கு போன் போட்டேன். அந்த நேரம் பாத்து கீழ் வீட்டம்மா இவளத் தேடி வந்து ஹால்ல உக்காந்துட்டாங்க. நான் எப்படிப் பேசுவேன்? சிஸ்டர், டயர் உப்பிடுச்சு சிஸ்டர்னேன். ராங் நம்பர்னு வெச்சுட்டாங்க. திரும்பப் போட்டேன். சிஸ்டர் நான்தான், போன வாரம் பம்ப்பு செட் மாட்டுனீங்களேன்னேன். யாருன்னு அந்தம்மாவுக்குப் புரிஞ்சுபோச்சு. அப்புறம், வெந்நி வெச்சீங்களான்னு கேட்டாங்க. வெச்சேன்னேன். ஏன் வெச்சீங்கன்னாங்க. பேட்ச் ஒட்டும்னு வெச்சேன்னேன். அந்தம்மா பாவம், போன மேஜை மேல வெச்சுட்டு சிரிச்சது எனக்கு இங்க கேக்குது. ஆனா டாக்டர் சிரிக்கல. உடனே வரச் சொல்லி, பாத்து, உள்ள ரத்தம் கட்டியிருக்கு, நல்லவேளை தையல் பிரியல, சீழ் புடிச்சிருந்தா மொத்தத்தையும் கழட்டி எடுத்திருக்கணும்னு வாங்கு வாங்குனு வாங்கிட்டாரு. திரும்பவும் பழையபடி ஐஸு. துணி சுத்தி. இவ பக்கத்துலயே காவல்.

சூடு அப்புறம் வந்துது, வர வேண்டிய நேரத்துல. புண்ணு நல்லா ஆறினப்புறம், டாக்டரே சொன்னாரு, வெதுவெதுன்னு தண்ணில உக்காருங்க, தோலு நெகிழ்ந்து கொடுக்கும், அப்போ பம்ப்ப மெதுவா கீழ இழுத்து விடணும், இல்லேன்னா மேல ஏறி ஒட்டிக்கும்னு. பெரிய பிளாஸ்டிக் டப்பு வாங்கினோம். கொழந்தைங்கள குளிப்பாட்டுற மாதிரி இவ முழங்கையத் தண்ணில விட்டு சூடு பாப்பா. நான் உள்ள உக்காருவேன், தொப்பையும் நானுமா. தலைல முடி இல்ல, வாய்ல ரெண்டு பல்லு இல்ல, கீழ புதுசா பம்ப்பு. ராஜா மாதிரி உக்காந்திருப்பேன். இவ ஸ்டூல் போட்டுப் பக்கத்துல உக்காந்து, இழு, மெதுவா, ம், விடுன்னு சொல்லிட்டு இருப்பா. ஒரு நாள் என்னப் பாத்துட்டே இருந்தவ சிரிக்க ஆரம்பிச்சா. அடக்க அடக்க வருது. எனக்கும் வந்துருச்சு. தண்ணியெல்லாம் தரைல. நாங்க ரெண்டு பேரும் ஒரே ரூம்ல உக்காந்து அப்படிச் சிரிச்சு எத்தன வருஷம் ஆச்சு தெரியுமா?

வேல செய்யுதான்னா கேக்கறீங்க? வாத்தியாரே, அதையும் கேட்டுட்டீங்களா! செய்யுது. மொத தடவ எந்திரிக்க வெச்சுட்டு எறக்கத் தெரியாம நான் முழிச்சதெல்லாம் தனிக் கத. செய்யுது, நல்லாவே செய்யுது. அதுக்கு மேல கேக்காதீங்க, அவ உங்களுக்கு அக்கா மொறை.

எதுக்கு வெச்சுக்கிட்டேன்னு கேட்டீங்கல்ல. அதுக்கு முன்னாடி நடந்த ஆபரேஷன்னாலதான் மாப்ள. கிட்னில கல்லுன்னு சொன்னோமே, ஞாபகம் இருக்கா? கல்லும் இல்ல மண்ணும் இல்ல. புராஸ்டேட்டுல கேன்சர். எடுத்துட்டாங்க. கேன்சர் போச்சு, கூடவே இதுவும் போச்சு. எல்லாருக்கும் போகாதாம், சில பேருக்குத் தானா திரும்பிடும், சில பேருக்கு மாத்திரைல சரியாயிடும். எனக்கு ஊசி போட்டும் சரியாகல. சரி, கடைசி வழின்னு இத வெச்சுக்கிட்டேன். இதான் கத.

ஏன், சிரிப்ப நிறுத்திட்டீங்க?

தங்கச்சி நேத்து இங்க வந்தா. தனியா. டாக்டர் தேதி குறிச்சுக் கொடுக்கும்போது, ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லி எந்திரிச்சு வந்துட்டீங்களாமே. உங்களுக்கும் அதே எடம், அதே வியாதி. இன்னும் வெளிய பரவல, எடுத்துட்டா பொழைக்கலாம்னு சொல்றாங்களாம். ஏன் வேண்டாங்கறீங்கன்னு கேட்டா செவத்தப் பாக்கறீங்களாம். அவரு என்ன விட்டுட்டுப் போகணும்னு முடிவு பண்ணிட்டாரு போலண்ணான்னு சொல்லி, இப்போ நீங்க உக்காந்திருக்கீங்களே, அங்க உக்காந்துதான் அழுதா. அவளுக்குக் காரணம் புரியல. எனக்குப் புரிஞ்சுது.

நானும் அந்த நாற்காலில உக்காந்தவன்தான் மாப்ள. கேன்சர்னு டாக்டர் சொன்னது என் காதுல விழல, அடுத்து, இது போனாலும் போகும்னு சொன்னாரே, அதான் விழுந்துது. அன்னிக்கு எங்கிட்ட வந்து இந்த மாதிரி பேச ஒரு ஆளும் இல்ல. இவ மட்டும்தான், வீட்டுக்கு வர வழில ஆட்டோவுல வெச்சுச் சொன்னா, நீ இரு, மத்தத அப்புறம் பாத்துக்கலாம்னு.

இல்ல, எதுவும் பேச வேண்டாம். எங்கிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம். தங்கச்சி வீட்லதான் இருப்பா, நேத்துல இருந்து சாப்பிடலன்னு காலைல போன்ல சொன்னா. போன எடுங்க. நான் அந்தப் பக்கமா போய் நிக்கறேன், காதுல விழாது, கம்ப்ரஸர ஓட விடறேன்.

போடுங்க. ம்... ரிங்கு போகுதா மாப்ள?