ஓவர்சீயர் இறங்கி நடந்த கரை

உச்சி வேளை. சித்திரை வெயில். வாலாஜாபாத் சாலையை விட்டுப் பிரிந்து, தென்னேரியையும் தாண்டி, ஒரு சின்ன ஏரிக்குப் போகிற மண் பாதை. அதில் ஒரே ஒரு ஜீப்... வேறு ஆள் நடமாட்டமே இல்லை. பேய் இருட்டில்தான் வரும் என்று நினைக்கிறவர்கள் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது பட்டப்பகலில் நடந்தது.

ஜீப்பை ஓட்டியவர் அக்பர். நம் சரிகைக் கடை அப்துல் சத்தாருக்குத் தாய்மாமன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஏரிகளைப் பார்த்துக்கொள்ளும் ஓவர்சீயர் கலியாணசுந்தரம்.

அதற்கு முந்தின ஐப்பசியை முதலில் சொல்லிவிடுகிறேன். அறுபத்தாறாம் வருஷம். மழைக்காலத்தில் ஓவர்சீயர் கரையின் முழு நீளமும் நடந்து, வெளிச்சரிவில் எங்காவது கசிகிறதா என்று தம் கண்ணால் பார்க்க வேண்டும். அதுதான் விதி. இவர் ஜீப்பை விட்டு இறங்க மாட்டார். இந்த முனையில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடிக்கச் சொல்வார். ஏரிக் காவல்காரன் கலியன் அவருக்குப் பதிலாக நடந்துபோய், அந்த முனையிலிருந்து தலைத்துண்டைத் தூக்கிக் காட்டுவான். காட்டினால் கரை சரி. வண்டி திரும்பிவிடும்.

"ஏம்பா, இறங்கவே மாட்டாரா?" என்று கேட்கிறான் இங்கே உட்கார்ந்திருக்கிற நம் சீனிவாசன்.

"இறங்கினா செருப்புல சேறு ஆயிடும்பா," என்கிறேன் நான்.

அன்றைக்கு அடைமழை. துண்டு தெரியவில்லை. குரல்தான் வந்தது.

"ஐயா... கரையில ஓட்டை உழுந்திடுச்சி... முதுகைக் குடுத்து அடைச்சிக்கினு நிக்கிறேன்... ஆளு அனுப்புங்கய்யா..."

"சார், கலியன் கூப்டுக்கினே இருக்கிறான்," என்றார் அக்பர்.

"கூப்பிடட்டும். வண்டியைத் திருப்புப்பா. நாலரைக்குள்ள புடவையை அறுத்தாகணும்."

மகளின் கலியாணப் புடவை. பிள்ளையார்பாளையத்தில் நெய்து முடித்துத் தறியிலேயே இருந்தது. நல்ல நேரம் தவறாமல் அதை அறுத்து வாங்க வேண்டும். போய்விட்டார்கள்.

பொழுது சாயும்போது கரை உடைந்தது. கீழே பள்ளத்தெரு. பெரியவர்கள் ஓடினார்கள். தூளியில் கிடந்த பிள்ளைகளை எடுக்க எல்லோருக்கும் நேரம் கிடைக்கவில்லை...

விசாரணையில் ஓவர்சீயர் சொன்னது ஒரே வாக்கியம். "காவல்காரன் குடிச்சிட்டு ஓடிட்டான்." கலியனின் உடல் கிடைக்கவில்லை. அதனால் ஊர் நம்பியது. அக்பர் பிள்ளைகுட்டிக்காரர், வாயைத் திறக்கவில்லை. கலியன் பெண்சாதி ஜெயம்மாள் கிணற்றடிக்கு வந்தால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த பூவம்மாள் அவள் முகத்தில் மண்ணை வாரி வீசினாள். ஜெயம்மாள் அதைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லையாம்.

"எங்க ஊட்டுக்காரரு ஓடலை. அவரே வந்து சொல்லுவாரு," என்றாள்.

சரி, இப்போது சித்திரைக்கு வாருங்கள். உடைந்த இடத்தில் புது மண் கொட்டி, கெட்டித்து, கரையை மூடியாயிற்று. அதைப் பார்த்துச் சரி என்று சொல்லத்தான் ஓவர்சீயர் வந்திருந்தார். ஏரியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. புதுக் காவல்காரனை இன்னும் போடவில்லை. பழக்கத்தில் ஹாரன் அடிக்கச் சொன்னார்.

அக்பர் அடித்தார்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு வாசனை... பாசியும் மீனும் கலந்த, நிறைந்த ஏரியின் வாசனை. வெடித்துக் காய்ந்து கிடந்த ஏரியிலிருந்து.

ஓவர்சீயர் தாமாகக் கீழே இறங்கினார்.

"எங்க சார் போறீங்க?"

"இதோ... பாத்துட்டு வந்துடறேன்." தூக்கத்தில் பேசுகிறவர் குரல்.

நடந்தார். காலடியில் சூடான புழுதி. சத்தம் மட்டும்... சளக்... சளக்... புது மண் போட்ட இடம் வந்தது. கணுக்கால் தெரியவில்லை. இன்னும் இரண்டு எட்டு. முழங்கால் இல்லை. அப்புறம் இடுப்பு. அவர் நிற்கவில்லை, கத்தவில்லை. கழுத்து மட்டும் வெளியே இருந்தபோது திரும்பி ஜீப்பைப் பார்த்தார்.

"அக்பரு... ஆளு அனுப்பு."

அக்பர் ஓடிப்போய்ப் பார்த்தபோது தரை கெட்டியாக இருந்தது. ஒரு கீறல் இல்லை. செருப்பு இரண்டும் மேலே கிடந்தன. சேறு படாமல்.

புதுக் கரையை வெட்ட மேலிடத்து உத்தரவு வேண்டும் என்று இழுத்தடித்தார்கள். மூன்றாம் நாள்தான் மண்வெட்டி இறங்கியது. இரண்டு ஆள் ஆழத்தில் ஓவர்சீயர் நின்றபடி இருந்தார். முகமெல்லாம் சேற்றுப் பூச்சு. அவர் முதுகுக்குப் பின்னால் ஓர் எலும்புக்கூடு. அதன் இரு கைகளும் அவர் இடுப்பைச் சுற்றிக் கோத்திருந்தன. மணிக்கட்டில் செம்புக் காப்பு. கலியனுடையது.

கடப்பாரை போட்டு நெம்பினார்கள். கை பிரியவில்லை. யாரோ போய் ஜெயம்மாளை அழைத்து வந்தார்கள்.

அவள் பள்ளத்தில் இறங்கி ஓவர்சீயரின் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மேலே ஊர் ஜனங்களோடு நின்ற பெரிய இஞ்சினீயரிடம் சொன்னாள்:

"எங்க ஊட்டுக்காரரு ஓடலைன்னு ஊரு கேக்கச் சொல்லுங்க."

இஞ்சினீயர் சொன்னார்.

"பூவம்மாவுக்குக் கேட்டிருக்காது. இன்னொரு வாட்டி."

மறுபடியும் உரக்கச் சொன்னார். பூவம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஜெயம்மாள் எழுந்திருக்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டாள். வாய் கொப்பளித்தாள். மிடறு மிடறாகக் குடித்தாள். கூந்தலை அவிழ்த்து, உதறி, நிதானமாக முடிந்துகொண்டாள். அப்புறந்தான் அந்த எலும்பின் மேல் கையை வைத்தாள்.

"போதும்யா... உட்டுடு."

டக்... டக்... டக்... விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. மேலே இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்டது. ஓவர்சீயர் முன்னால் சாய்ந்தார். வாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. அதன் பின்னாலேயே நீளமாக ஒரு மூச்சு... வெளியே போனது. திரும்ப உள்ளே வரவில்லை.

காஞ்சிபுரத்திலிருந்து வந்த டாக்டர் உடம்பைத் தொட்டுப் பார்த்தார். சூடு இருந்தது. உயிர் போய் ஒரு மணி நேரங்கூட ஆகியிருக்காது என்றார்.

சாயங்காலம் அக்பர் ஜீப்பைக் கிளப்பும்போது ஜெயம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள். சாதாரணமாக, அக்கம்பக்கத்தில் பேசுகிறாற்போலச் சொன்னாள்:

"கண்ணு ரெண்டும் என்னையே பாத்து சிமிட்டிக்கினு இருந்துச்சி, பாய்... அதான் மெதுவா தண்ணி குடிச்சேன்."