பிரியந்தினியின் கடவுச்சொல்

எங்கள் அலுவலகத்தில் கடவுச்சொல்லை மறக்காத ஆளே கிடையாது. காலைத் தேநீர் குடித்து முடிப்பதற்குள் யாராவது என் மேசையடிக்கு வந்து, "எமில் அண்ணை, திரும்பவும் மறந்திட்டன்" என்று நிற்பார்கள். நான் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. விசாரித்துப் பாருங்கள் ஐயா, என்னைப் பற்றி அங்கே ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள்.

எங்களிடம் வருகிறவர்கள் அடி தாங்காமல் வீட்டை விட்டு ஓடிவந்த பெண்கள். அவர்கள் சொல்வதெல்லாம் கணினியில் இருக்கிறது. அவர்களை ஒளித்து வைத்திருக்கும் வீட்டின் முகவரியும் அதில்தான். ஆலோசகர்கள் மட்டுமே அதைத் திறக்கலாம். கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் எனக்கு அனுமதியில்லை. யார் திறந்தார்கள் என்பதும் பதிவாகிவிடும். அதனால் யாருக்காவது புதிய கடவுச்சொல் போட்டால், அதைக் கையில் கொடுப்பதற்கு முன் அவர்கள் பெயரில் உள்ளே போய் வாசிப்பேன். பொழுதுபோக்குக்காக அல்ல. ஒரு குடும்பம் எங்கே பிசகுகிறது என்று விளங்கிக்கொள்ளத்தான்.

லவீனாவின் கோப்பை, அப்படிக் கடவுச்சொல் மறந்து வந்த ஆலோசகர் பிரியந்தினியின் பெயரில் வாசித்தேன். லவீனா குருநகர்ப் பிள்ளை, எங்கள் மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவள். புருசன் ஜஸ்ரின் அவளுடைய கையை முறித்ததும், சுடுதண்ணீர் ஊற்றியதும் எழுதப்பட்டிருந்தன. அவன் பக்கத்து நியாயம் ஒரு வரிகூட இல்லை.

ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது அவன் என் கையைப் பிடித்தான். கடலுக்குப் போகிற பெரிய உடம்பு. கண் கலங்கியிருந்தது.

"அண்ணை, அவள் எங்கை எண்டு மட்டும் சொல்லுங்கோ. மன்னிப்புக் கேக்கவேணும்."

"குடிச்சிட்டுப் போகமாட்டியே?"

"மாதாவாணை அண்ணை, அவளைத் தொடவேமாட்டன்."

உடுவிலில் இருக்கும் வீட்டைச் சொன்னேன். அதற்காக அவனிடம் ஒரு தேநீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

அவன் குடிக்காமல்தான் போனான். அந்தச் சொல்லைக் காப்பாற்றினான். லவீனா கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். கத்தி கொண்டுபோவான் என்று எனக்குத் தெரியாது. சின்ன மகள் வாசலில் நின்று பார்த்ததாகப் பிறகு சொன்னார்கள். பிள்ளையை யாராவது உள்ளே அழைத்துப் போயிருக்கலாம்.

கோப்பை யார் திறந்தார்கள் என்று பணிப்பாளர் என்னைத்தான் பார்க்கச் சொன்னார். இருந்ததைக் காட்டினேன், கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. லவீனா பிரியந்தினியின் பொறுப்பில் இருந்தவள் அல்ல. அந்தக் கோப்பில் பிரியந்தினிக்கு என்ன வேலை என்று எல்லாரும் கேட்டார்கள்.

"நான் அதைத் திறக்கவேயில்லை அண்ணை. நீங்களாவது சொல்லுங்கோ" என்று அழுதாள்.

"யோசியாதை பிள்ளை" என்று தண்ணீர் கொடுத்தேன். அவளை நீங்கள் பிடித்து மறியலில் அடைத்தபோது அவளுடைய தாயைப் பார்த்து ஆறுதல் சொல்லிவிட்டும் வந்தேன். ஜஸ்ரின் என் பெயரைச் சொல்லியிருக்காவிட்டால் உங்களுக்கும் இந்த அலைச்சல் இல்லை.

ஓர் ஆளை வைத்து என்னை எடைபோடாதீர்கள் ஐயா. இதற்கு முன்னும் இரண்டு புருசன்மாருக்கு இடம் சொல்லியிருக்கிறேன், ஒருவன் கொழும்புத்துறை, மற்றவன் கீரிமலைப் பக்கம். அந்தப் பெண்கள் அதற்குப் பிறகு எங்கள் அலுவலகப் படி ஏறவில்லை. நாங்கள் போன் எடுத்தாலும் பதிலில்லை. சந்தோசமாக வாழ்கிறவர்களுக்கு எங்களோடு என்ன கதை இருக்கப்போகிறது?